தவசுகாலத் தபால்

சிஸ்டர் ஜெனோவா எந்திச்சுப் போனதும் நான் செஞ்ச முதல் காரியம், மேசையில கெடந்த அந்தக் கடுதாசிய ஒரு சாண் தள்ளி வச்சதுதான், கடிச்சிரும்ங்கற மாதிரி. நீல இன்லேண்ட் லெட்டர். ஒட்டுன பசை ஒட்டுனபடியே இருக்கு, நாப்பத்தோரு வருசமா யாரும் பிரிக்கல. “கையால பிரிக்காதீங்கண்ணா, மடிப்புல இத்துப் போயிருக்கு, கிழிஞ்சிரும். பேப்பர் கத்தி எடுத்துட்டு வாரேன், அஞ்சே நிமிசம்”னு சொல்லிட்டுப் போயிருக்கு அந்தப் பிள்ளை. கன்னியாஸ்திரியோட அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியாதா, ஆறு வயசுலருந்து பதினொண்ணு வரைக்கும் இந்தத் தருவைக்கரை கான்வென்ட் போர்டிங்ல வளந்தவன்லா நான். போற வழியில மாதா சொரூபத்துக்கு முன்னால ஒரு முழங்கால், வராந்தாவுல ஒரு போன், அடுப்படியில ஒரு பஞ்சாயத்து, முக்கா மணிக்கூர் ஆயிரும். ஆவட்டும். கத்தி கெடைக்காமலே போவட்டும். கடியாரம் பதினொண்ணே கால்ங்குது. வெளியாளு வந்தா உக்கார வைக்கிற ரூம்பு இது, பார்லர்னு சொல்லுவாங்க, சின்னதுல இதுக்குள்ள வர எங்களுக்கு அனுமதி கெடையாது, சன்னல் வழியாத்தான் பாக்கணும். இப்போ சோபாவுல உக்காந்திருக்கேன், முதுகுக்குப் பின்னால நூல்ல பின்னுன விரிப்பு குத்துது. கடுதாசி மொகத்தப் பாத்துக் கெடக்கு. ‘எம். பிரெண்டன், ஐந்தாம் வகுப்பு, போர்டிங்.’ எம்முன்னா மாதா. அப்பன் இல்லாத நாப்பத்தாறு பிள்ளைகளுக்கும் அந்த ஒரே இனிஷியல்தான். பிரெண்டன்ங்கறது நான் வந்து சேந்த அன்னைக்கு அயர்லாந்துக் காலண்டர்ல யாருக்குத் திருநாளோ அவரு பேரு, பள்ளிக்கூடத்துல எல்லாவனும் பிராந்தின்னான். எங்க அம்மா எனக்கு வச்சது ராசய்யா. அப்படி ஒரு புனிதர் இல்லைன்னு மதர் சொல்லிட்டா.

அந்த மதர் இப்போ எனக்கு எதிர்த்தாப்ல சுவத்துல தொங்குதா. அஞ்சு மதர்மாருல மூணாவது போட்டோ, மதர் அட்ராக்டா, அயர்லாந்துக்காரி, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால கண்ணே இல்லாத மாதிரி. அவ தமிழு புஸ்தகத் தமிழு. முன்ஷி வச்சுப் படிச்சிட்டு வந்தவ. “பிரெண்டன், நீ ஏன் சிரிக்கின்றாய்? ஆண்டவர் இன்று சிரிக்கவில்லை.” இதச் சொல்லுறப்போ ஒவ்வொரு ‘ர’வையும் நாக்குல போட்டு உருட்டி, கோலிக்குண்டு மாதிரித் தரையில விடுவா. நான் பண்ணுன முத மிமிக்ரி அவதான். எட்டு வயசு, சாப்பாட்டு ரூம்பு, தட்ட மூஞ்சிக்குக் கண்ணாடியாப் பிடிச்சுக்கிட்டு, “கத்தரிக்காயை வெறுக்கின்றவன் சிலுவையை வெறுக்கின்றான்”னு சொன்னேன், பிள்ளைக வாயில இருந்த சோத்த எல்லாம் துப்பிச் சிரிச்சான். அப்புறம் சட்டுன்னு யாரும் சிரிக்கல. திரும்பிப் பாத்தா பின்னால நிக்கா. தொலைஞ்சேன்னு நெனச்சேன். அவ எங்கைய பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி, அடுத்த வாரம் ஆண்டவர் வருகைக்கு, அதாவது பிஷப்பு வருகைக்கு, மேடையில ஏத்தி அதையே செய்யச் சொன்னா. பிஷப்பு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. இவ ஓரமா நின்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உதட்டக் கடிச்சா. அதனால இவள முழுசா வெறுக்கவும் முடியல பாத்துக்கோங்க, அதுதான் எரிச்சல். வெறுக்கறதுக்குன்னு ஒரு ஆளு வேணும், அந்த ஆளு உங்களுக்கு முத மேடைய குடுத்தவளா இருக்கக் கூடாது.

தவசுகாலம் வந்தா அட்ராக்டாவுக்கு ஒரு சட்டம். விபூதிப் புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் கான்வென்டுல கடுதாசி கெடையாது. கன்னியாஸ்திரிகளுக்குன்னு ரோமாபுரியில எந்தக் காலத்துலயோ போட்ட சட்டம், மத்த எடத்துலல்லாம் விட்டுட்டான், இவ விடல. சிஸ்டர்மாருக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் சேத்து. தாயி தகப்பன் கடுதாசி வந்தாலும் பிரிக்காம ஒரு பிஸ்கட்டு டப்பாவுல போட்டு அவ அலமாரியில வச்சிருவா. நாப்பது நாளு ஏக்கத்த ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கணுமாம். பத்து வயசுப் பயல்ட்ட ஒப்புக்குடுக்க வேற என்ன இருக்கு, பேனும் சிரங்கும்தான். ஆனா ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் அந்த டப்பா வரும் பாருங்க. கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பேரா வாசிப்பா, பேரு வாசிச்சவன் ஓடணும், அந்த ஓட்டத்துக்காகவே தவசுகாலம் இருக்கலாம்னு தோணும். எம்பத்தி மூணாம் வருசம் டப்பா வரல. பெரிய வியாழன் அன்னைக்கு, பன்னெண்டு பிள்ளைக காலைக் கழுவுற சடங்குக்குத் தண்ணி எடுத்துட்டு வந்தவ படியில விழுந்தா, சாயந்தரம் செத்தும் போயிட்டா. அடுத்து பொறுப்புக்கு வந்தது சிஸ்டர் டிம்ப்னா, கோழிக்குஞ்சு மாதிரி ஒரு ஆளு, எத எடுத்தாலும் சட்டப்புஸ்தகத்தப் பாக்கும். சட்டப்புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, செத்துப்போன மதரோட காகிதத்த யாரும் படிக்கக் கூடாது, அப்படியே அரக்கு வச்சு முத்திரை போட்டு அயர்லாந்துல தலைமை மடத்துக்கு அனுப்பணும். டிம்ப்னா அப்படியே செஞ்சுது. அலமாரியில இருந்தது எல்லாம், ஜெபப்புஸ்தகம், டைரி, மருந்துச் சீட்டு, பிஸ்கட்டு டப்பா. உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியும். நல்லாவே தெரியும். தெறந்தா கீழ்ப்படியாமை. எந்தத் திருடனுக்கும் வராது இந்தப் புத்தி, எந்தக் குடிகாரனும் இப்படி ஒரு தப்பப் பண்ண மாட்டான், இதுக்குன்னே நேர்ந்து விட்ட பரிசுத்தம் வேணும்.

அதுக்கப்புறம் அந்த டப்பா கப்பல்ல போயி ஒரு நெலவறையில உக்காந்திருக்கு. அங்க மடத்துல ஆளு கொறைஞ்சு, கெழவிக ஒவ்வொண்ணாச் செத்து, கட்டடத்த ஹோட்டல்காரனுக்குக் குடுத்துட்டாங்களாம். காகிதத்த எல்லாம் ஒரே எடத்துல சேத்து வச்சிக் காக்கிறதுக்கு ஓர்லான்னு ஒரு பொம்பள, கன்னியாஸ்திரி இல்ல, சம்பளத்துக்கு வேலை பாக்கறவ, அவதான் அரக்க ஒடைச்சிருக்கா. ‘தகர டப்பா ஒன்று. இந்திய மொழிக் கடிதங்கள் இருபத்து மூன்று. பிரிக்கப்படாதவை.’ அதான் அங்க எங்களப் பத்தின விவரம். மேல இருந்த பேர மட்டும் படம் எடுத்து இங்க அனுப்ப, ஜெனோவா பழைய ரிஜிஸ்தர வச்சுத் தேடித் தேடி நாலு பேரப் பிடிச்சு, அந்த நாலு கடுதாசிய மட்டும் கூரியர்ல இங்க வரவழைச்சிருக்கு. நாலுல ஒருத்தன் நான், கண்டுபிடிக்கிறதுக்கு லேசு, கோயில் திருவிழா நோட்டீசுல எல்லாம் என் மூஞ்சி இருக்கே, ‘மிமிக்ரி மன்னன் தருவை பிரெண்டன்’. போன் பண்ணிச்சு. “அண்ணா, உங்களுக்கு ஒரு தபால் வந்திருக்கு”ன்னுச்சு. நான் நகைக்கடை விளம்பரத்துக்குக் கொரல் குடுக்கக் கூப்புடுதாங்கன்னு நெனச்சு, “எத்தனை செகண்ட் வரும்மா”ன்னு கேட்டேன்.

ஃபேன் காத்துல கடுதாசி ஒரு ஓரமாத் துடிக்குது. மேல சாவிக்கொத்த எடுத்து வச்சேன். வச்ச பெறவு பாத்தா அது அம்மா பேரு மேல உக்காந்திருக்கு, அனுப்புநர் இஞ்ஞாசியம்மாள்னு இருக்கிற எடத்துல, எடுத்து வேற பக்கம் வச்சேன். அவ அளத்துல உப்பு வாருறவ. மாசத்துல முத ஞாயிறு வருவா, பாதத்துல வெடிப்புக்குள்ள உப்பு வெள்ளையாப் பூத்திருக்கும், கேட்டுக்கு உள்ள வேப்பமரத்தடியில உக்காந்து என் வாயத் தெறக்கச் சொல்லிப் பல்லு எண்ணுவா. பேசறதுக்கு அவளுக்கு ஒண்ணும் இருக்காது. பல்லு எண்ணுவா, காதுக்குள்ள பாப்பா, நகத்தப் பாப்பா, மாடு வாங்க வந்த மாதிரி. எனக்குக் கூச்சமா இருக்கும், மத்த பயலுவ பாக்கானுவளேன்னு. எம்பத்தி மூணு தவசுகாலத்துக்கு முந்தின மாசம் வந்தவ, அப்புறம் வரல. ஈஸ்டருக்கு வரல. மே மாசம் வரல. ஜூன்ல என்னைப் பெரிய பையன்க போர்டிங்குக்கு, பிரதர்மாரு நடத்துற எடத்துக்கு மாத்திட்டாங்க. அங்கயும் வரல. நான் கணக்கு வச்சேன், ஒரு வருசம், ரெண்டு வருசம், அதுக்குப் பெறவு கணக்க விட்டுட்டேன். விட்டேன்னு சொல்லுதேன், விடல. இன்னைக்கு வரைக்கும் எந்த ஊர்ல புரோகிராம் போட்டாலும் முத ஞாயிறு எதுன்னு எனக்குத் தெரியும்.

போன் அடிக்குது. கீழத்தெரு திருவிழாக் கமிட்டி ரெக்சன். எடுத்தேன். “அண்ணாச்சி, எங்க இருக்கிய?” “கான்வென்டுல.” “என்ன அண்ணாச்சி, இந்த வயசுல மடத்துல சேரப் போறியளா?” “சேத்துக்க மாட்டேங்கான் மக்கா, மீசைய எடுக்கணும்ங்கான்.” சிரிச்சான். அவன் சிரிச்சு முடிக்கறதுக்கும் நான் “சொல்லு”ங்கறதுக்கும் நடுவுல எவ்வளவு எடம் விடணுமோ அவ்வளவு விட்டேன், இதெல்லாம் தானா வரும் எனக்கு, தூக்கத்துலயும் வரும். “இல்ல அண்ணாச்சி, ஃபாதரே சொல்லிட்டாரு, அந்தக் கெழவி ஐட்டம் மட்டும் விட்டுராண்டாம்னு. போன வருசம் வரலன்னு சனங்க கோவப்பட்டுட்டு.” “பாப்போம்.” “பாப்போம்னா என்ன அண்ணாச்சி, அது இல்லாம நீங்க எதுக்கு?” நெசந்தான். அது இல்லாம நான் எதுக்கு. வச்சிட்டேன். கடியாரம் பதினொண்ணு முப்பத்தஞ்சு. ஜெனோவாவோட கொரல் வராந்தாவுல கேக்குது, யார்ட்டயோ தண்ணி மோட்டார் பத்திப் பேசிட்டு இருக்கு.

கெழவி ஐட்டம்னா என்னன்னு எங்க பக்கத்துல கேட்டியன்னா பால்குடிப் பிள்ளை கூடச் செய்யும். ஒரு கெழவி கலெக்டர் ஆபீசுக்குப் போவா, கலெக்டரு திட்டுவாரு, கெழவி மூச்சு வாங்கிட்டுச் சொல்லுவா: “கடுதாசி போட்டேனே ராசா. நீதான வெளிய வரல.” அடுத்து கரண்டு ஆபீசு, அங்கயும் அதே. பஸ் கண்டக்டரு, டாக்டரு, கடைசியா மோட்ச வாசல்ல சாவியோட நிக்கிற இராயப்பரு. “பேர் லிஸ்டுல இல்லையே கெழவி”ம்பாரு. “கடுதாசி போட்டேனே ராசா.” நிறுத்துவேன். ரெண்டு நொடி. அந்த ரெண்டு நொடியில ஆயிரம் பேரு மூச்ச நிறுத்துவான். “நீதான வெளிய வரல.” பந்தல் கிழியும். இருபத்தெட்டு வருசமா கிழியுது. துபாய்ல கிழிஞ்சிருக்கு, மும்பை தாராவியில கிழிஞ்சிருக்கு. அந்த ரெண்டு நொடிக்குத்தான் எனக்கு ‘டைமிங் மன்னன்’னு பட்டம். அந்த ரெண்டு நொடி நான் கண்டுபிடிச்சது இல்ல. அவளுக்கு மூச்சு வாங்குச்சு.

தொண்ணூத்தாறு, ஆகஸ்டு. திருவிழாவுக்குப் பள்ளிக்கூடத்து அஞ்சாம் வகுப்பு ரூம்ப கிரீன் ரூமா ஆக்கி வச்சிருந்தான், நான் பெஞ்சுல உக்காந்து பவுடர் போட்டுட்டு இருந்தேன், ஆர்க்கெஸ்ட்ராப் பயலுவ ஏழெட்டுப் பேரு சுத்தி. வாசல்ல ஒரு பொம்பள நின்னா. மஞ்சப்பை, வாயில் துணிச் சேலை, மூஞ்சி ஒட்டிப் போயி, கைவெரல் எல்லாம் கறுப்பா, முந்திரி சுட்டு உரிக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்னு பெறவு தெரிஞ்சுக்கிட்டேன். அடையாளம் தெரியலன்னு நெறைய பேர்ட்ட சொல்லியிருக்கேன், எம் பொண்டாட்டிட்டயே சொல்லியிருக்கேன். பொய். அவ நெழல் விழுந்தப்பவே தெரிஞ்சுது. “ராசா”ன்னா. டோலக்குக்காரன், “யாருல இது, ரசிகையா”ன்னான். நான் கண்ணாடியில அவளப் பாத்துக்கிட்டே, “என்ன வேணும்மா”ன்னேன். “நான் அம்மாடே.” “பதிமூணு வருசம் கழிச்சா”ன்னு கேட்டேன். கேட்டது நல்லாத்தான் வந்துச்சு, ஏத்த எறக்கம் சரியா, பயலுவ எல்லாம் வாயை மூடிட்டான். அப்போ அவ சொன்னதுதான் அது. கடுதாசி போட்டேனே ராசா. மூச்சு வாங்குச்சு, கதவப் பிடிச்சுக்கிட்டா. நீதான வெளிய வரல. எனக்குக் கோவம் எங்கருந்து வந்துச்சோ தெரியல, எட்டுக்கட்டையில வந்துச்சு. போடாத கடுதாசி, அதுக்கு நான் வேற வெளிய வரலையாம், பழிய தூக்கி எந்தலையில வைக்கா பாரு. திரும்பினேன். கதவு இல்லாத எடத்துல கதவப் பிடிச்ச மாதிரி கைய வச்சுக்கிட்டு, அதே மூச்சு, அதே ரெண்டு நொடி, அவ சொன்னத அவளுக்கே திருப்பிச் சொன்னேன். பயலுவ வெடிச்சுச் சிரிச்சானுவ. பெஞ்சத் தட்டிச் சிரிச்சானுவ. அவளும் சிரிச்சா. வாயப் பொத்திக்கிட்டு, பல்லு தெரியக் கூடாதுன்னு. “நல்லாப் பண்ணுத ராசா”ன்னா. மஞ்சப்பைய பெஞ்சு மேல வச்சிட்டுப் போயிட்டா. முந்திரிப்பருப்பு. டோலக்குக்காரன்தான் தின்னான். அன்னைக்கு மேடையில ஏறி என்ன பண்றதுன்னு தெரியாம நின்னப்போ வாயில அதான் வந்துச்சு, கெழவி, கலெக்டரு. பந்தல் கிழிஞ்சுது. மூணு வருசம் கழிச்சு அவ கொல்லத்துல செத்துப்போனத அளத்துப் பொம்பள ஒருத்தி சொன்னா. சொல்லுறப்போ நான் சோடா குடிச்சிட்டு இருந்தேன், முழுசாக் குடிச்சேன்.

இப்போ இந்தா கெடக்கு. போட்டிருக்கா. பன்னெண்டு மார்ச்சு எம்பத்தி மூணுன்னு முத்திரை விழுந்திருக்கு. பாதி வழக்கு அவ பக்கம் முடிஞ்சு போச்சு. மீதி பாதி உள்ள இருக்கு. என்ன எழுதியிருப்பா. ஏசி எழுதியிருக்கணும்னு நெனைக்கேன், சத்தியமாச் சொல்லுதேன், சோபாவுல உக்காந்து அதைத்தான் வேண்டிட்டு இருக்கேன், அட்ராக்டா மூஞ்சியப் பாத்துட்டே. எனக்கு வேற ஒருத்தனோட வாழ்க்கை அமைஞ்சிருக்கு, இனிமே வர மாட்டேன், நீ உம்பாட்டப் பாருன்னு எழுதியிருக்கணும் மதர். அப்படி எழுதியிருந்தா அவ செஞ்சதும் நான் செஞ்சதும் பாதிக்குப் பாதி, கணக்கு நேர். நல்ல விதமா எழுதியிருந்தா நான் என்ன செய்ய. நல்ல விதமா எழுதியிருந்தா இருபத்தெட்டு வருசம் எத வச்சுச் சோறு தின்னேன். கிழிச்சிப் போட்டா என்ன. சட்டைப்பைக்குள்ள வச்சு நடந்தா வாசல்ல யாரும் தடுக்கப் போறதில்ல. ஜெனோவா மொதல்லயே சொல்லிருச்சு, “இது ஒரிஜினல் அண்ணா, சாயந்தரம் கூரியர்ல திரும்ப அயர்லாந்து போவணும், மதரோட காகிதம்ங்கற கணக்குல வருது, உங்களுக்கு ஜெராக்சு தாரோம்.” எனக்கு வந்த கடுதாசி, எங்க அம்மா எச்சி தொட்டு ஒட்டுனது, அட்ராக்டாவோட காகிதம். நான் சிரிச்சேன் அப்போ. பழக்கம்.

பன்னெண்டாவ பத்து நிமிசம் இருக்கு, ஜெனோவா வந்துட்டுது. கத்தியோட. “மன்னிச்சிக்கோங்கண்ணா, மோட்டார்க்காரன் புடிச்சிட்டான். நீங்க பிரிக்கிறீங்களா, நான் பிரிக்கட்டுமா?” “நீங்களே பிரிங்க சிஸ்டர்.” முப்பது வயசு இருக்கும், கத்திய உள்ள விட்டுப் பசைய நோவாம எடுக்குது, டாக்டரம்மா மாதிரி. பசை பொடியா உதுந்துச்சு. விரிச்சு என் பக்கம் தள்ளிட்டு, சன்னல் பக்கம் திரும்பி நின்னுச்சு. நல்ல பிள்ளை.

கையெழுத்தப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, அவ எழுதல. அவளுக்கு எங்க எழுதத் தெரியும். தபாலாபீசு வாசல்ல எழுதிக் குடுக்கிற ஆளு, முத்து முத்தா, ஒவ்வொரு வரியும் கயிறு இழுத்துக் கட்டுன மாதிரி நேரா. ‘அன்புள்ள மகனுக்கு அம்மா இஞ்ஞாசி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம்.’ யாவருன்னா யாரு, அவ ஒருத்தி. ‘அவ்விடம் உன் நலத்திற்கும் கனம் பொருந்திய மதர் அவர்கள் நலத்திற்கும் ஆண்டவரை வேண்டுகிறேன். நிற்க.’ எனக்கு அந்த ஆளு கொரல்தான் கேக்குது, மூக்குப்பொடி போட்ட கொரல், அவள எங்கயும் காணோம், பேப்பருக்குள்ள தேடுதேன். ‘அளத்தில் வேலை குறைந்துவிட்டபடியால் கொல்லத்தில் முந்திரிக் கம்பெனிக்குப் போக ஏற்பாடாகியிருக்கிறது. தங்க இடம் தருவார்கள். பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்றும், பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டு என்றும் கங்காணி சொல்லுகிறார். தவசுகாலத்தில் உனக்குக் கடிதம் தர மாட்டார்கள் என்று தெரியும். ஈஸ்டர் அன்று தருவார்கள். ஆகையால் ஈஸ்டர் கழிந்து அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருவேன். என்னோடு வர விருப்பம் இருந்தால் மதரிடம் சொல்லிக்கொண்டு துணிமணியுடன் கேட்டுக்கு வெளியே வரவும். போர்டிங்கில் படிப்பும் சாப்பாடும் நன்றாயிருக்கிறது, வர விருப்பமில்லை என்றால் வெளியே வர வேண்டாம். அம்மா கோபப்பட மாட்டேன். உள்ளே வந்து உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ என் முகத்துக்காக வந்துவிடுவாய்.’

அந்த வரியிலயே நின்னுட்டேன். எத்தனை தரம் வாசிச்சேன்னு தெரியல. சட்டத்த நம்பியிருக்கா. அட்ராக்டாவோட சட்டத்த அட்ராக்டாவ விட நம்பியிருக்கா, ஈஸ்டர் அன்னைக்குக் கண்டிப்பாக் கையில கெடச்சிரும், ஒரு வாரம் நான் யோசிக்கட்டும்னு நாளு குறிச்சிருக்கா. கீழ, ஒட்டுற ஓரத்துல, எடமில்லாம நெருக்கி ரெண்டு வரி. ‘பதில் போட வேண்டாம், இந்த விலாசம் இனி இல்லை. போதும் அண்ணாச்சி, எடம் இருந்தா அவனுக்கு அந்தக் கடவாப்பல்லு வலி எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுருங்க.’ எழுதுறவன் வாய்க்கு வந்தத அப்படியே எழுதிப் போட்டிருக்கான், படுபாவி, என்ன நெனப்புல இருந்தானோ. அவ்வளவுதான் அவ. முழுக் கடுதாசியிலயும் அந்த ஒரு வரிதான் அவ.

ஏப்ரல் பத்து. கைவெரல்ல எண்ணிப் பாத்துட்டேன், எம்பத்தி மூணுல ஈஸ்டர் மூணாந்தேதி, அடுத்த ஞாயிறு பத்து. முதல் பஸ்ஸு ஏழரைக்கு வரும். நான் என்ன பண்ணிட்டு இருந்தேன். தேடுதேன், ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. எட்டு வயசுல தட்ட மூஞ்சிக்கு நேரப் பிடிச்சது ஞாவகம் இருக்கு, பிஷப்போட மோதிரம் ஞாவகம் இருக்கு, அந்தக் காலையில ஒண்ணும் இல்ல. மதர் செத்த துக்கம், வெளாட்டு கெடையாதுன்னு படிப்பறையில உக்கார வச்சிருப்பான். படிப்பறையிலருந்து கேட்டுக்கு நாப்பது அடி. டிம்ப்னா மாதிரி, ‘நானும் சாகப் போகிறேன், சட்டப்புஸ்தகத்தைக் கொண்டு வா’ன்னு செஞ்சு காட்டிட்டு இருந்திருப்பேன், பயலுவ சிரிச்சிட்டு இருந்திருப்பான். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கு வெளிய கேட்டிருக்கும். நல்லாக் கேட்டிருக்கும். எவ்வளவு நேரம் நின்னுருப்பா. அடுத்த பஸ்ஸு ஒன்பதே காலு. அதுல போனாளா, பன்னெண்டு மணி பஸ்ஸு வரைக்கும் நின்னாளா. பிள்ளை சந்தோசமா இருக்கான், நம்ம போவோம்னு போயிருப்பா. திருப்தியாப் போயிருப்பா, அதுதான் தாங்க முடியல.

“அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?” வேண்டாம்னு தலையாட்டுனேன். ஜெனோவா எதிர்ல உக்காந்து ஒரு பாரத்த எடுத்துச்சு, பேனா, சின்ன ஸ்கேலு. “ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஓர்லாவுக்குத் தமிழ் தெரியாதுல்லா, கடுதாசியில என்ன இருக்குன்னு ரெண்டு வரியில எழுதிக் குடுத்தா லிஸ்டுல சேத்துக்கும். நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அப்புறம் இங்கிலீசுல மாத்திக்கிடுதேன்.” ரெண்டு வரி. கட்டமும் ரெண்டு வரிக்குத்தான் இருக்கு. எந்தக் கொரல்ல சொல்லணும்னு ஒரு நொடி தேடுனேன். “எழுதுங்க சிஸ்டர். தாய் மகனைக் கூட்டிப்போக வருவதாக எழுதியது.” எழுதிச்சு. அழகான கையெழுத்து. “இந்தக் கடிதம் மகனிடம் கொடுக்கப்படவில்லை.” அதையும் எழுதிச்சு. எழுதி முடிச்சு, பேனாவத் தூக்கி, ஒரு தரம் வாசிச்சுப் பாத்துச்சு. காதுப் பக்கம் செவந்துச்சு அதுக்கு.

“அண்ணா, ரெண்டாவது வரி... அது கடுதாசியில இல்லையே.”

“இல்லதான்.”

“உள்ள என்ன இருக்கோ அத மட்டும்தான் எழுதணும். அப்படித்தான் விதி. தப்பா நெனைக்காதீங்க, எனக்குப் புரியுது.”

“அப்போ அத எந்தப் பாரத்துல எழுதுவீங்க?”

யோசிச்சுது. நெசமாவே யோசிச்சுது, மேசையில கெடந்த மத்த காகிதத்த எல்லாம் ஒரு பார்வை பாத்துச்சு. “அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லண்ணா.” ஸ்கேல ரெண்டாவது வரிக்கு நடுவுல வச்சு, கோணாம, ஒரே கோடா அடிச்சுது. ஓரத்துல சின்னதாக் கையெழுத்துப் போட்டுச்சு, அடிச்சது தான்தான்னு. அப்புறம் பாரத்த என் பக்கம் திருப்பி, “இது சரியா இருக்கா, ஒரு தரம் பாத்துச் சொல்லுங்க”ன்னுச்சு.

நான் எந்திச்சு நின்னேன். ஏன் எந்திச்சேன்னு தெரியல, சின்னதுல மதர் முன்னால நிக்கற மாதிரி ரெண்டு கையையும் முன்னால கட்டியிருந்தேன். “சரி சிஸ்டர்”னேன். அந்தக் கொரல் யாருதுன்னு ஜெனோவா நிமிந்து பாத்துச்சு. நான் யாரையும் மிமிக்ரி செய்யல.